மாற்றும் கட்டளைக்கல்லும்

'மாற்று' என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. ஒன்றை விலக்கி அதனிடத்தில் மற்றொன்றை வைத்தல் மாற்று. உண்ட நஞ்சை முறிக்கும் மருந்தும் மாற்று. பொன்னின் தூய்மையைக் குறிக்கும் அளவும் மாற்றே. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று மக்கள் வாய்ச்சொல்லில் இன்றும் வழங்குவது இக்கடைசிப் பொருள் பற்றியதாகும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளித்த பொன்னின் எடையோடு அதன் மாற்றும் பொறிக்கப்பட்டிருத்தலைக் கல்வெட்டுப் பயின்றோர் அறிவர். பொன்னை உரைத்து அதன் மாற்றறியும் கல் கட்டளைக்கல். மக்களின் பெருமை சிறுமைகளை அறிய அவரவர் செயலையே கட்டளைக்கல்லாக வைத்தவர் வள்ளுவர்.

அறிவியற் செய்திகளைத் தமிழில் எழுதுவோர் கையில் இச்சொல் இந்நாளில் அடிக்கடி வந்து போகின்றது. மருந்து, ஒப்பனைப் பொருள், களைக்கொல்லி, தொழிற்சாலை வேதிப்பொருள் ஆகியவற்றின் தீங்கை எலியிலும் முயலிலும் ஏற்றி அறிந்த பழைய வழக்கத்தை விட்டு, வேறு வழியால் அறிதலை 'விலங்குச் சோதனைக்கு மாற்று' என்கின்றனர். தொடர் பிழையன்று. ஆயினும் அதனை ஆளுவோரிற் பலர் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றனர். எலியை நீக்கி வேறொன்றை வைத்தாயிற்று. ஆகவே மாற்று வந்துவிட்டது என்பது அவர் கருத்து. அவ்வாறு வைத்தது எத்தனை மாற்றுப் பொன், அதனை உரைத்துப் பார்த்த கல் எது, அக்கல் நல்ல கல்தானா என்னும் வினாக்கள் அவர்பால் எழுவதில்லை. எதிர்க்கட்சியாரும் இதிற் குறைந்தவரல்லர். 'விலங்கில் பார்த்தது மெய். மற்றெல்லாம் ஊகம்' என்பது அவர் துணிபு. ஒருவர் விலங்கின்மேல் இரக்கம் கொண்டும் மற்றவர் விலங்கின்மேல் நம்பிக்கை கொண்டும் பேசுகின்றனர். விலங்குச் சோதனையையே கட்டளைக்கல்லாகக் கொள்வதில் இருவரும் ஒத்திருத்தலே வியப்பு.

விலங்கின்மேல் வைத்த இந்நம்பிக்கை பழமையானது. அரசனுக்கு இட்ட உணவில் நஞ்சு உண்டா என்பதைப் பறவைகளைக் கொண்டு அறியும் முறையைக் கௌடலியரின் பொருள்நூல் கூறுகின்றது. நஞ்சைக் கண்டால் சகோரப் பறவையின் கண் நிறம் மாறும் என்றும், குயில் இறக்கும் என்றும் அந்நூல் பட்டியலிடுகின்றது. பறவை மயங்கினால் உணவு தீது, மயங்காவிடின் நன்று. பறவைக்கு நன்றானது அரசனுக்கும் நன்றாகுமா என்று அக்காலத்தார் கேட்டதாகத் தெரியவில்லை. பிற்காலத்தாரும் நெடுநாள் கேட்கவில்லை.

இக்கேள்வியை ஜொகூர் மாநிலத்தில் நின்று கேட்பது பொருத்தம் உடைத்து. மாற்றுமுறைகளின் வரலாற்றில் நன்றாக உரைத்துப் பார்க்கத்தக்க எடுத்துக்காட்டு ஒன்று ஜொகூர் நீரிணையின் சேற்றில் கிடக்கின்றது. கட்டளைக்கல் பழுதானதற்கு எடுத்துக்காட்டு அம்மாநிலத்துத் தோட்டங்களில் கிடக்கின்றது. பின்னதில் தமிழர் உடம்பும் உண்டு.

முன்னதை முதலிற் காண்க. ஊசிவழி உடலிற் செலுத்தும் மருந்தில் உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாவிடினும், இறந்த கிருமிகளின் புறச்சுவரினின்று கழன்ற ஒரு பொருள் எஞ்சியிருத்தல் கூடும். அகநச்சு என்பது அதன் பெயர். கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாது. சிறிதளவு குருதியிற் கலந்தாலும் காய்ச்சல் எழும். மிகுந்தால் உயிர்க்கு இறுதி. தூய நீரை ஊசியால் ஏற்றிய பின்னும் நோயாளிக்குக் காய்ச்சல் வருவதன் காரணம் கிருமிகளின் எச்சமே என்பதை 1920-களில் அமெரிக்க அறிஞர் பிளாரன்ஸ் சைபர்ட் அம்மையார் நிறுவினார். அதன்பின் முயல் வந்தது. மூன்று முயல்களை அசையாவண்ணம் பெட்டியில் நிறுத்தி, காது நரம்பில் மருந்தைச் செலுத்தி, மூன்று மணி நேரம் உடல்வெப்பம் பார்ப்பது முறை. 1942இல் அமெரிக்க மருந்து நூல் இதனை விதியாக்கிற்று. பிற நாடுகளும் பின்பற்றின.

முயலுக்கு மாற்றாக வந்தது ஒரு கடலுயிர். குதிரையின் லாடம் போன்ற ஓடுடைமையால் லாட நண்டு எனப்பட்டது. உண்மையில் அது நண்டினமன்று, சிலந்திக்கும் தேளுக்கும் உறவினது. அமெரிக்கக் கீழைக் கடற்கரையில் ஆராய்ந்துகொண்டிருந்த பிரெடெரிக் பாங் என்பார், கிருமி ஏற்றிய லாட நண்டின் குருதி முழுவதும் கட்டியாகி உறைந்ததைக் கண்டு 1956இல் எழுதினார். ஜாக் லெவின் என்பாரும் அவரும் சேர்ந்து 1964இல் இவ்வுறைதலுக்கு அகநச்சே காரணம் எனக் காட்டினர். நண்டின் குருதியணுக்களை உடைத்தெடுத்த சாற்றை ஒரு கண்ணாடிக் குழலில் இட்டு மருந்தோடு கலந்தால், அகநச்சு உளதாயின் ஒரு மணிப்பொழுதிற்குள் உறையும். முயலையும் வெப்பமானியையும் கொண்டு அரைநாள் காத்திருக்க வேண்டுவதில்லை. 1977இல் அமெரிக்க அரசு முயலுக்குப் பதிலாக இதனை ஏற்கும் நெறியைத் திறந்தது. விலங்குச் சோதனைக்கு மாற்று கண்ட பெருவெற்றி என்று இது பாராட்டப்பட்டது.

பாராட்டு முற்றும் பொய்யன்று. முயல்களிற் பல தப்பின. ஆயினும் 'மாற்று' என்னும் சொல்லை இங்கே உரைத்துப் பார்க்கவேண்டும். முயலின் இடத்தில் வைத்தது நண்டின் குருதி. செம்பு கலந்தமையால் நீலநிறமான அக்குருதியைப் பெற, நண்டைக் கரையேற்றி, இதயத்தருகே ஊசி குத்தி, உள்ளதில் ஒரு பங்கை வடித்துப் பின் கடலில் விடுகின்றனர். விடப்பட்டவற்றுள் இறப்பன நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை என்பது ஆய்வுகள் பலவற்றின் மதிப்பீடு. ஆசியக் கரைகளில் நிலை இதனினும் கொடிது. இங்குள்ள பேரினம் ஒன்று குருதிக்காகவும் உணவுக்காகவும் பிடிக்கப்பட்டும் வாழிடம் இழந்தும் அருகி, 2019இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அழிநிலைப் பட்டியலில் ஏறிற்று. முயலுக்கு மாற்று, நண்டிற்கு மாற்றாந்தாய்.

இந்நண்டினத்துள் சிறியது வட்டவால் நண்டு. ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் உள்ள சதுப்புக் காட்டுச் சேற்றில் வாழ்வது. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று பற்றியபடியே ஊர்தலின், பிரியாத இணையரை 'பெலாங்காஸ் போல' என்று மலாய் மொழியிற் கூறுவர். கோத்தா திங்கி வட்டாரத்து உணவுக்கடைகளில் பெலாங்காஸ் ஒரு பேர்பெற்ற உண்பொருள். வட்டவால் இனத்தின் முட்டை சிலவேளை கொடிய நஞ்சாதலும் உண்டு என்பதால் உண்போர் இனமறிந்து உண்ணவேண்டும். இப்படி ஊராரிடையே பழமொழியாகவும் கறியாகவும் இருந்த இவ்வுயிரே, முயலையும் நண்டையும் ஒருங்கே விடுவிக்கும் வழிக்கு வித்தாயிற்று.

1980-களின் நடுவில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங் என்னும் அம்மையாரும் அவர் கணவர் ஹோ போ என்பாரும் இவ்வாராய்ச்சியில் இறங்கினர். கருக்கள் செயற்கை முறையில் வளராமற் போவதற்கு வளர்ப்பு நீரிலுள்ள கிருமிநச்சே காரணமா என்று அறிய வேண்டியிருந்தது. அமெரிக்க நண்டுச் சாற்றின் விலையோ மிகுதி. ஆதலின் நீரிணையின் தென்கரையில் கிராஞ்சிக் கழிமுகத்துச் சேற்றிலிருந்து வட்டவால் நண்டுகளைத் தாமே கொணர்ந்து ஆராய்ந்தனர். அகநச்சை முதன்முதல் உணரும் புரதம் 'காரணி சி' எனப்படுவது. அதுதான் அடுத்ததை எழுப்ப, அது மற்றதை எழுப்ப, இறுதியிற் குருதி உறைகின்றது. காரணி சி ஒன்றை மட்டும் பெற்றால் போதும், முழுநண்டும் வேண்டா என்பது அவர் கண்ட நுட்பம். அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து 1990-களில் பூச்சியின் உயிரணுக்களில் ஏற்றி அப்புரதத்தை ஆய்வுக்கூடத்திலேயே விளைவித்தனர். அகநச்சு பட்டவுடன் அது ஒரு வேதிப்பொருளை வெட்டி ஒளிரச் செய்யும். 2003இல் இம்முறை விற்பனைக்கு வந்தது. இதிற் கடலிலிருந்து நண்டைப் பிடிக்கவேண்டுவதே இல்லை.

இனித்தான் கட்டளைக்கல்லின் கதை தொடங்குகின்றது. இம்முறை வந்து பதினேழு ஆண்டு கழிந்து 2021 சனவரியில்தான் ஐரோப்பிய மருந்து நூல் இதற்குத் தனி இயல் வகுத்தது. அமெரிக்க மருந்து நூலார் 2019இல் இதனை நண்டுச் சாற்றோடு ஒப்ப வைக்க முன்மொழிந்து 2020இல் பின்வாங்கினர். நெடுங்காலம் ஒரே நிறுவனமே இதனை விற்றது, உரிமையும் காப்புப் பெற்றிருந்தது. ஒருவரை நம்பி மருந்துத் தொழிலார் மாற மறுத்தனர் என்பது உண்மையே. ஆனால் வேறொரு காரணமும் உண்டு. புதியது ஒவ்வொன்றும் நண்டுச் சாற்றோடு முற்றும் ஒத்துப் போகிறதா என்று ஒத்துப்பார்த்தே ஏற்கப்படும். இங்கே ஒரு முரண் தோன்றுகின்றது. நண்டுச் சாற்றில் வேறொரு காரணியும் உண்டு. அது காளான், பஞ்சு, தாவர நார் முதலியவற்றில் உள்ள ஒருவகைச் சர்க்கரைத் தொடரைக் கண்டும் உறைந்துவிடும். மருந்தில் அகநச்சே இல்லாதபோதும், வடிகட்டும் தாளிலிருந்து சிறிது அப்பொருள் கலந்தால் 'உண்டு' என்று பொய் சொல்லும். ஆய்வுக்கூடத்துக் காரணி சி அப்பொய்யைச் சொல்லாது. பழையதைக் கல்லாக வைத்து உரைப்பவர்க்கு இது ஒவ்வாமை. மெய்யை நோக்குவார்க்கு இது மேன்மை. நல்ல பொன் கல்லில் கோடு வேறுபடக் கண்டு, கல்லை ஐயுறாமல் பொன்னை ஐயுறுவதற்கு ஒப்பானது இது.

கல்லை ஐயுற வேண்டுவதற்குச் சான்று முன்னமே இருந்தது. வேதிப்பொருளை முயலின் கண்ணில் இட்டு எரிச்சல் பார்க்கும் முறை 1944இல் டிரேஸ் என்பார் வகுத்தது. 1971இல் வைல், ஸ்காலா என்னும் இருவர் ஒரு நற்செயல் செய்தனர். ஒரே பொருள்களை இருபதுக்கு மேற்பட்ட ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, முயலின் கண்ணிலும் தோலிலும் பார்த்துக் கூறச் சொன்னார்கள். ஓரிடத்தில் கொடியது என்று மதிப்பிட்ட பொருளை மற்றோரிடத்தில் தீங்கற்றது என்று மதிப்பிட்டிருந்தனர். ஒரே பொன்னுக்கு ஒவ்வொரு தட்டானும் வேறு வேறு மாற்றுச் சொன்னால் யாரைக் குறைகூறுவது? பிற்காலத்தில் மாற்றுமுறைகளை ஏற்பதற்கு எத்தனை உரைப்பு, எத்தனை ஆய்வுக்கூட ஒப்புமை, எத்தனை ஆண்டுக் காத்திருப்பு! பழைய முயற்சோதனையோ இவற்றுள் ஒன்றுக்கும் உட்படாமலே அரியணை ஏறியது.

ஆய்வுக்கூடங்களுக்குள் நேர்ந்த இப்பிழையால் பெரிதும் வருந்தியவை முயல்களே. கல்லின் பழுது மனிதரை எட்டிய இடம் வேறு. அதனைக் காணத் தோட்டப்புறம் வரவேண்டும்.

குளுவாங், சிகாமட், கூலாய்ப் பகுதிகளின் பால்மரக் காடுகளிலும் பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்தனர். அவ்வேலைகளுள் ஒன்று களைக்கொல்லி தெளித்தல். தோட்டத் தமிழில் அதற்கு 'மருந்தடித்தல்' என்று பெயர். மலாய் மொழியில் அதே வேலைக்கு 'மெராச்சுன்' என்பர். 'ராச்சுன்' என்றால் நஞ்சு. மலாய்ச் சொல் உள்ளதை உள்ளவாறு கூறுகின்றது. தமிழ்ச் சொல்லோ நஞ்சை மருந்தாக்கிவிட்டது. இஃது ஒருவர் செய்த பிழையன்று. பூச்சி மருந்து, எலி மருந்து என்று தமிழ்நாட்டிலும் வழங்கும் மங்கல வழக்குப் போன்றது. எனினும் முதுகில் சுமந்த தெளிப்பானிலிருந்து ஒழுகுவதை நாள்தோறும் தோலில் ஏற்பவளுக்கு அச்சொல் என்ன பாதுகாப்பைத் தரும் என்பது சொல்லாராய்ச்சி செய்வோர் எண்ணத்தக்கது. இவ்வேலையில் பெண்டிரே மிகுதியாக ஈடுபட்டனர் என்பதும் கருதத்தக்கது.

அங்கே தெளிக்கப்பட்டவற்றுட் புகழ்பெற்றது பாராகுவாட். 1962இல் பிரிட்டானிய வேதித் தொழில் நிறுவனம் ஒன்று விற்பனைக்குக் கொணர்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் தரப்பட்டியலில் இதன் இடம் இரண்டாம் வகுப்பு. 'நடுத்தரத் தீங்குடையது' என்பது அவ்வகுப்பின் பெயர். நடுத்தரம் என்று எவர் சொன்னார் எனின், எலி சொன்னது. ஒரு நஞ்சை எலிக்கூட்டத்திற்கு ஊட்டி, அதிற் பாதி இறக்கும் அளவைக் காணும் முறையை டிரேவன் என்பார் 1927இல் வகுத்தார். பாராகுவாட்டிற்கு எலிவழி வந்த எண், உடல் எடை ஒரு கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று அப்பட்டியல் காட்டுகின்றது. இக்கணக்கை ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு மனிதர்க்கு ஏற்றினால் ஏழரைக் கிராம் ஆகும். கடைகளில் விற்ற 20 விழுக்காட்டுக் கரைசலில் முப்பத்தேழு மில்லிலிட்டர். ஆனால் மருத்துவர் கண்ட மெய்ந்நிலை வேறு. அக்கரைசலில் ஒரு வாய், அஃதாவது பத்துப் பதினைந்து மில்லிலிட்டர், ஆளைக் கொல்லப் போதும். முறிமருந்து இல்லை. உடனே இறப்பதும் இல்லை. நாள்கள் அல்லது வாரங்கள் சென்று நுரையீரல் இறுகி மூச்சடைத்து இறப்பு நேரும்.

எலி ஏன் தவறாகச் சொன்னது? எலியைவிடக் கினிப்பன்றியும் குரங்கும் இந்நஞ்சிற்கு மெலிந்தவை. மனிதன் அவற்றின் பக்கம் சேர்ந்தவன். எந்த விலங்கைக் கல்லாக எடுப்பது என்பதில் உரைப்பவன் விருப்பே முன்னிற்கும். அன்றியும் இறந்தவற்றை எண்ணுவது, எவ்வாறு இறந்தன என்று கேட்பதாகாது. எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை தந்தது உயிருள்ள எலிக்கூட்டமன்று. எலியின் நுரையீரலை மெல்லிய சீவல்களாக நறுக்கி நஞ்சுநீரில் இட்டு, அத்தசை பாராகுவாட்டை வலிந்து உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்ளுதலை 1974இல் பிரிட்டானிய ஆய்வாளர்கள் காட்டினர். குருதியில் உள்ளதைவிடப் பன்மடங்கு நுரையீரலிற் சேர்வதன் காரணம் அப்போது விளங்கிற்று. மனித நுரையீரல் தசையிலும் பின்னர் இதுவே காணப்பட்டது. கண்ணாடித் தட்டில் கிடந்த ஒரு சீவல், நூறு எலிப்பிணங்கள் சொல்லாததைச் சொன்னது. 'நடுத்தரம்' என்னும் பெயரோ மாறவில்லை. தோலிற் பட்டாலும் வாயிற் சென்றாலும் பின்விளைவு கொடிது என்று அப்பட்டியலின் அடிக்குறிப்பிலே மட்டும் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது. அடிக்குறிப்பைத் தோட்டத்தில் எவர் படிப்பார்?

அடிக்குறிப்பு எட்டாத இடத்தில் உடம்பே ஏடாயிற்று. நகம் கெட்டு உதிர்தல், மூக்கிற் குருதி வடிதல், கண்ணெரிச்சல், தோற்புண் ஆகியன பாராகுவாட் தெளிப்போரிடம் காணப்படுவன என மருத்துவ நூல்கள் கூறும். தெனாகானித்தா என்னும் மலேசியப் பெண்கள் அமைப்பு, பினாங்கில் இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்போடு கூடித் தோட்டத்து மருந்தடிக்கும் பெண்களின் நலக்கேட்டை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நீக்க முடிவு செய்தது. 2006இல் அம்முடிவைத் தளர்த்திற்று. இறுதியாக 2020 சனவரி முதல் நாளில் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. சுவீடன் 1983இலேயே தடுத்துவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் அதன் உரிமத்தை நீக்கிற்று. இவ்விடைப்பட்ட ஆண்டுகளில் சோதனை நடைபெறாமல் இல்லை, தோட்டத்தில் நடைபெற்றது. சோதிக்கப்பட்டோர்க்கு அஃது ஒரு சோதனை என்பது மட்டும் தெரிவிக்கப்படவில்லை.

விலங்கைச் சோதியாவிட்டால் மனிதனைச் சோதிக்க நேரும் என்று அஞ்சுவோர் இதனை எண்ணுதல் வேண்டும். எலியைச் சோதித்தபின்னும் மனிதர் சோதிக்கப்பட்டனர். எலி தந்த எண்ணே அதற்கு உரிமச்சீட்டும் ஆயிற்று.

அப்படியாயின் எதனைக் கல்லாக வைப்பது? மனித உடம்பு பற்றிய அறிவையே வைக்கவேண்டும் என்பது விடை. இது வெறும் விருப்பமன்று, நடந்துகாட்டிய செயல். காய்ச்சல் பற்றிய முற்கதைக்கே மீண்டு வருக. நண்டுச் சாறும் ஆய்வுக்கூடத்துக் காரணி சியும் அகநச்சு ஒன்றையே அறியும். காய்ச்சல் எழுப்பும் பிற பொருள்களை அறியா. ஆதலின் முயல் முற்றும் விடுதலை பெறவில்லை. 1995இல் ஹார்ட்டுங், வெண்டல் என்னும் ஜெர்மானியர் இருவர் மனிதக் குருதியையே எடுத்து மருந்தோடு கலந்து பார்த்தனர். காய்ச்சலைத் தூண்டும் பொருள் எதுவாயினும் குருதியின் வெள்ளணுக்கள் ஒரு செய்திப் பொருளைச் சுரக்கும். அதை அளந்தால் போதும். காய்ச்சலால் வருந்தப்போவது மனிதன். கேட்கப்படுவதும் மனிதக் குருதியே. இடையில் முயலின் மொழிபெயர்ப்பு வேண்டா. ஐரோப்பிய மருந்து நூல் 2010இல் இதனைச் சேர்த்துக்கொண்டது. 2025 சூலை முதல் முயற்சோதனையைத் தன் நூலினின்றும் நீக்கிவிட்டது.

தோலைப் பற்றியும் இவ்வாறே. அறுவைக்குப்பின் எஞ்சிய மனிதத் தோலின் உயிரணுக்களை வளர்த்து அடுக்கடுக்காகத் தோல்போல் விளைவித்து, அதன்மேல் வேதிப்பொருளை இட்டு எரிச்சல் அறியும் முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு 2010இல் ஏற்றது. முயலின் தோலில் எரிச்சல் தந்த பொருள்கள் பல மனிதத் தோலில் எரிச்சல் தராமையும் கண்டறியப்பட்டது. முயலோடு ஒத்துப்போகவில்லை என்று இம்முறையை ஒதுக்கியிருந்தால், தட்டானின் பழைய பிழையே மீண்டும் நேர்ந்திருக்கும்.

இவற்றைக் கண்டு எல்லாம் முடிந்துவிட்டது எனக் களிப்போர்க்கும் ஒரு சொல் உண்டு. 2019 மார்ச்சுத் திங்களில் ஜொகூரின் பாசிர் கூடாங் வட்டாரத்தில் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டது. அக்ரோலின், அக்ரிலோநைட்ரில், பென்சீன், டொலுவீன், சைலீன் எனப் பல நச்சுகள் காற்றிற் கலந்தன. மூச்சடைத்தும் மயங்கியும் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் சிகிச்சைக்கு ஓடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஒவ்வொரு நச்சின் இயல்பும் தனித்தனியே நூல்களில் உண்டு. இத்தனையும் கூடிய கலவை ஒரு சிறுவனின் நுரையீரலில் பின்னாளில் என்ன செய்யும் என்பதை எலியின் ஏடும் கூறாது, இன்றைய கண்ணாடித் தட்டும் கூறாது. தோலும் கண்ணும் பற்றி மாற்றுமுறைகள் தேர்ந்துவிட்டன. ஆண்டுக்கணக்கில் ஊறும் தீங்கு, கருவைத் தாக்கும் தீங்கு, கலவையின் தீங்கு ஆகியவற்றில் அவை இன்னும் பயில்நிலையிலேயே உள்ளன. இதனை மறைத்து எழுதுவோர் மாற்றுமுறைக்கு நண்பரல்லர்.

தமிழாசிரியர்க்கு இங்கே ஒரு வேலை உண்டு. ரசல், பர்ச் என்னும் இருவர் 1959இல் எழுதிய நூலில், விலங்குச் சோதனையைத் திருத்த மூன்று நெறி கூறினர்: விலங்கை நீக்கிப் பிறிதை வைத்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், நோவைத் தணித்தல். தமிழில் எழுதுவோர் மூன்றையும் 'மாற்று' என்னும் ஒரே சாக்கில் கட்டிவிடுகின்றனர். இதனால் நேரும் மயக்கம் சிறிதன்று. பாதியைக் கொல்லும் பழைய எலிச்சோதனையைப் பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு 2002இல் தன் விதிகளினின்றும் நீக்கியபோது, 'எலிச்சோதனைக்கு மாற்று வந்தது' என்னும் பேச்சு எழுந்தது. வந்தவை மூன்று முறைகள். மூன்றிலும் எலி உண்டு. எண்ணிக்கைதான் குறைந்தது. இதனைக் குறைப்பு என்க. வலியறியாமற் செய்வதைத் தணிப்பு என்க. ஐரோப்பாவில் 2013இல் முழுமை பெற்றதும் இந்தியாவில் 2014இல் வந்ததுமான ஒப்பனைப் பொருள் விதிகள், விலங்கில் சோதித்தலை நிறுத்தியவை, அவை தடை. நண்டுச் சாற்றைப் பதிலி என்க. ஓர் உயிரின் இடத்தில் மற்றோர் உயிர் வந்து நின்றமையின். வட்டவால் நண்டின் மரபணுவிலிருந்து பிறந்த காரணி சிக்கும், மனிதக் குருதிச் சோதனைக்கும், விளைவித்த மனிதத் தோலுக்கும் 'மாற்று' என்னும் பெயர் தகும். சொல்லின் இரு பொருளும் அவற்றில் நிறைவுறுகின்றன: விலங்கின் இடத்தையும் பெற்றன, உரைத்தும் காணப்பட்டன.

அமெரிக்க மருந்து நூல் காரணி சியை ஏற்கும் புதிய இயலை 2025 மேத் திங்களில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. அவ்வியல் விலக்கன்று, இசைவே; நண்டின் குருதியை விரும்புவோர் இன்னும் வடித்துக்கொள்ளலாம்.